ஆவியாகும் திரவங்களும் தொடர்நிலைப் பம்புகளும்

கிணற்று நீரைப் பம்பு இழுத்து மேலே கொண்டுவருகிறது என்று பேச்சு வழக்கில் கூறுகிறோம். இயற்பியல் நோக்கில் இக்கூற்று சரியன்று. எந்தப் பம்பும் திரவத்தைக் கயிறுபோலப் பற்றி இழுப்பதில்லை. பம்பின் உறிஞ்சு முனையில் அழுத்தம் குறைகிறது; கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்று மண்டலம் அந்நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். இது சுமார் 10.3 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தைத் தாங்கவல்லது. ஆகவே, எவ்வளவு வலிய பம்பாயினும் இந்த உயரத்திற்கு மேல் நீரை உறிஞ்சி ஏற்ற இயலாது. டாரிசெல்லி 1643ஆம் ஆண்டில் விளக்கிய உண்மை இதுவே.

நீரைப் பொறுத்தவரை 'இழுத்தல்' என்னும் சொல்லால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால் பெட்ரோல், பியூட்டேன், புரோப்பேன் முதலிய எளிதில் ஆவியாகும் திரவங்களைக் கையாளும் இடங்களில் இந்தச் சொல் தரும் தவறான எண்ணம் பொறிகளைப் பழுதாக்கும். சில வேளைகளில் உயிரையும் வாங்கும். இத்தகைய திரவங்களுக்கு இரு பம்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்நிலையில் அமைப்பது ஏன், அவற்றை எவ்வரிசையில் இயக்குவது, எவற்றைக் கண்காணிப்பது என்பனவற்றை இக்கட்டுரை விளக்கும்.

ஆவியழுத்தம்

ஒவ்வொரு திரவத்திற்கும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஓர் ஆவியழுத்தம் உண்டு. திரவத்தின் மேலுள்ள அழுத்தம் இந்த அளவுக்குக் குறையுமானால், அத்திரவம் அடுப்பின்றியே கொதிக்கத் தொடங்கும். நீரின் ஆவியழுத்தம் 30° செ. வெப்பநிலையில் 4.2 கிலோபாஸ்கல், 60° செ.இல் 19.9, 80° செ.இல் 47.4, 100° செ.இல் 101.3. இறுதி எண் கடல் மட்டக் காற்றழுத்தத்திற்குச் சமமாதலால், அங்கு நீர் 100° செ.இல் கொதிக்கிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 65 கிலோபாஸ்கல் மட்டுமே. ஆகையால் அங்கு நீர் 88° செ. அளவிலேயே கொதித்துவிடுகிறது.

ஆவியாகும் திரவங்களில் இந்த எண்கள் பெரியவை. பெட்ரோலின் ஆவியழுத்தம் அதன் தயாரிப்புக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறும், 37.8° செ.இல் 60 கிலோபாஸ்கல் என்பதை ஒரு மாதிரியாகக் கொள்ளலாம். 30° செ.இல் தூய பியூட்டேனின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 283 கிலோபாஸ்கல். புரோப்பேனுடையது ஏறத்தாழ 1,080. இவ்விரண்டின் கலவையே நம் சமையலறை உருளைகளில் வரும் எரிவாயு. இவ்வெண்கள் யாவும் வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்ட முழு அழுத்தங்கள். அழுத்தமானி காட்டும் எண்ணுடன் காற்றழுத்தத்தைக் கூட்டினால் முழு அழுத்தம் கிடைக்கும்.

பம்பினுள் நிகழ்வது

தொழிற்சாலைகளில் மிகுதியாக வழங்கும் மையவிலக்குப் பம்பில், இம்பெல்லர் எனப்படும் சுழல் சக்கரத்தின் நடுவாயில் திரவம் நுழைந்து, விளிம்பு நோக்கி எறியப்படுகிறது. நுழையும் இடத்தில் திரவத்தின் விரைவு கூடுகிறது. அதற்கேற்ப அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் ஆவியழுத்தத்தைத் தொடுமானால் அங்கே ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. அவை அழுத்தம் மிகுந்த பகுதிக்குச் சென்றவுடன் நொறுங்கி மறைகின்றன. இந்நிகழ்ச்சியைப் பொறியாளர் கேவிடேஷன் என வழங்குவர். பம்பினுள் சரளைக் கற்கள் உருள்வதுபோன்ற ஒலி இதன் அடையாளம்.

குளிர்ந்த நீரில், நொறுங்கும் குமிழிகள் சக்கரத்தின் உலோகத்தைக் குழிகுழியாக அரிப்பதே முதற்கேடு. புரோப்பேன் போன்ற திரவத்தில் அதைவிடப் பெரிய கேடு வேறொன்று உண்டு. அச்சுத்தண்டு பம்பின் கூட்டை விட்டு வெளிவரும் இடத்தில் கசிவைத் தடுக்க சீல் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று உராயும் இரு வழவழப்பான வளையங்கள் அதன் உயிர்ப்பகுதி. அவ்வளையங்களுக்கிடையே மிக மெல்லிய படலமாக நிற்கும் திரவமே அவற்றிற்கு உயவுப் பொருள். திரவம் ஆவியாகிவிட்டால் படலம் மறைகிறது, வளையங்கள் வறண்டு உராய்ந்து சூடேறுகின்றன, விரிசல் காண்கின்றன. அதன்பின் கசிவு தொடங்கும். கசியும் திரவ புரோப்பேன் ஏறத்தாழ 270 மடங்கு பருமனுள்ள ஆவியாக விரிகிறது. அவ்வாவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆதலால் மேலெழுந்து கலையாமல் தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்குகிறது. காற்றில் இரண்டு விழுக்காட்டளவு கலந்தாலே அது தீப்பற்றும்.

ஆகவே பம்பின் ஓசை மாறுவதைச் சிறு குறையாகக் கருதி விட்டுவிடலாகாது.

மிகுதி உயரம்

உறிஞ்சு முனையில் திரவத்தின் அழுத்தம் ஆவியழுத்தத்தை விட எவ்வளவு மிகுந்திருக்கிறது என்பதே பம்பின் நலத்தைத் தீர்மானிக்கும் அளவு. அந்த மிகுதியை அத்திரவத்தின் மீட்டர் உயரமாக மாற்றிக் கூறுவது வழக்கம். களத்தில் இது என்.பி.எஸ்.எச். என வழங்குகிறது. இக்கட்டுரையில் இதனை 'மிகுதி உயரம்' என்போம். அமைப்பிலிருந்து கிடைக்கும் மிகுதி உயரம் ஒன்று. பம்புக்கு வேண்டிய மிகுதி உயரம் மற்றொன்று. முதலது இரண்டாவதைவிடப் போதிய அளவு பெரிதாக இருத்தல் வேண்டும். வேண்டிய உயரமாக உற்பத்தியாளர் குறிப்பது, வழக்கமாகப் பம்பின் ஏற்றுயரம் 3 விழுக்காடு குறையும் நிலையில் அளந்த எண்ணாகும். அந்நிலையில் குமிழிகள் முன்னரே தோன்றிவிட்டன. ஆதலால் இரு எண்களும் சமமாக இருப்பது காப்பன்று, இடைவெளி தேவை.

ஓர் எடுத்துக்காட்டு: பெட்ரோலின் ஒப்படர்த்தி 0.74 எனக் கொண்டால், அதன் 1 மீட்டர் உயரம் 7.26 கிலோபாஸ்கலுக்குச் சமம். நிலத்தடித் தொட்டியிலுள்ள பெட்ரோலைத் தரைமீதுள்ள பம்பு 3 மீட்டர் உறிஞ்சி ஏற்ற வேண்டும். குழாய் உராய்வில் 1.2 மீட்டர் இழப்பாகும். பம்புக்கு வேண்டிய மிகுதி உயரம் 2 மீட்டர்.

கடல் மட்டத்தில், 25° செ. வெப்பநிலையில், இந்தப் பெட்ரோலின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 40 கிலோபாஸ்கல். காற்றழுத்தமாகிய 101இலிருந்து 40ஐக் கழிக்க 61, அதாவது 8.4 மீட்டர். ஏற்றத்திற்கும் உராய்விற்கும் 4.2 மீட்டர் போக, எஞ்சுவது 4.2 மீட்டர். பம்பு நன்கு இயங்கும். அதே இடத்தில் பெட்ரோல் 37.8° செ. அளவிற்குச் சூடேறினால் 101 − 60 = 41 கிலோபாஸ்கல்; அதாவது 5.6 மீட்டர். எஞ்சுவது 1.4 மீட்டர் மட்டுமே. பனிக்காலத்தில் ஓசையின்றி ஓடிய பம்பு கோடையில் இரைவதன் காரணம் இதுவே. இனி லே நகரில், 25° செ.இல், 65 − 40 = 25 கிலோபாஸ்கல்; அதாவது 3.4 மீட்டர். ஏற்றத்திற்கும் உராய்விற்குமே 4.2 மீட்டர் வேண்டுமாதலால் பெட்ரோல் பம்பை வந்தடையாது. வழியிலேயே ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

இங்கு வலிமை மிக்க பம்பை வாங்கி வைப்பதால் பயனில்லை. பம்பையே தொட்டிக்குள், திரவத்தில் மூழ்குமாறு இறக்கிவிடுவது ஒரு வழி. பெட்ரோல் விற்பனை நிலையங்கள் பலவற்றில் மூழ்கு பம்புகள் இவ்வாறு நிலத்தடித் தொட்டியினுள் வேலை செய்கின்றன. அவை பெட்ரோலை அடியிலிருந்து தள்ளுகின்றன. ஆவியாகும் திரவத்தைத் தள்ளலாம். இழுக்கலாகாது என்பதே இப்பாடத்தின் முதல் விதி.

மூடிய தொட்டியின் புதிர்

புரோப்பேன் தொட்டியருகே நிற்கும் புதிய பணியாளர் ஒருவர், அழுத்தமானி ஏறத்தாழ 980 கிலோபாஸ்கல் காட்டுவதைக் கண்டு, "இவ்வளவு அழுத்தம் இருக்கும்போது பம்பின் வாயில் குறைவு எப்படி வரும்?" என்று கேட்கக்கூடும். இது நல்ல கேள்வி. 30° செ.இல் புரோப்பேனின் 1 மீட்டர் உயரம் சுமார் 4.75 கிலோபாஸ்கல். தொட்டியின் முழு அழுத்தமாகிய 1,080 கிலோபாஸ்கல் 227 மீட்டர் உயரத்திற்குச் சமம். ஆயினும் மிகுதி உயரக் கணக்கில் இதன் பயன் சுழியே.

காரணம் எளிது. மூடிய தொட்டியில் திரவமும் அதன் ஆவியும் சமநிலையில் உள்ளன. திரவத்தை அழுத்துவது அதன் ஆவியே. ஆகவே அழுத்தம் எவ்வளவோ, ஆவியழுத்தமும் அவ்வளவே. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. தொட்டியிலுள்ள திரவம் எப்போதும் கொதிநிலையின் விளிம்பிலேயே நிற்கிறது. அதனைக் கொதிக்காமல் காப்பது, பம்பின் வாய்க்கு மேலே திரவமட்டம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்னும் ஒன்றே. மட்டம் 3 மீட்டர் மேலே இருந்து, உராய்வு 0.8 மீட்டர் ஆனால், கிடைக்கும் மிகுதி உயரம் 2.2 மீட்டர். தொட்டி காலியாகும்போது இதுவும் குறைந்துகொண்டே வரும்.

இதே நிலை புரோப்பேனுக்கு மட்டும் உரியதன்று. அனல் மின்நிலையங்களில் கொதிகலனுக்குச் செல்லும் நீர், டிஏரேட்டர் எனப்படும் காற்று நீக்கியில் கொதிநிலையிலேயே இருக்கிறது. அந்நீரும் பம்பின் நோக்கில் ஆவியாகும் திரவமே. காற்று நீக்கியை நிலையத்தின் உயர்ந்த தளத்தில் அமைத்து, பம்புகளைத் தரைத்தளத்தில் வைப்பது இது பற்றியே.

தொடர்நிலை அமைப்பு

நெடுந்தொலைவு செல்லும் குழாய்க்குத் திரவத்தை அனுப்ப 300 மீட்டர் ஏற்றுயரம் தரும் பெரிய பம்பு வேண்டும் எனக் கொள்வோம். அத்தகைய பம்பு விரைவாகச் சுழல்வது. அதற்கு வேண்டிய மிகுதி உயரமும் பெரிது. 6 மீட்டர் என்க. கிடைப்பதோ 2.2 மீட்டர். தொட்டியை உயர்த்தலாம், ஆனால் செலவு மிகுதி. பம்பைப் பள்ளத்தில் இறக்கலாம். ஆனால் கனமான ஆவி பள்ளத்தில் தேங்கும். ஆகவே பெரிய பம்புக்கு முன்னே ஒரு சிறிய பம்பைத் தொடர்நிலையில் வைக்கின்றனர். இதனைப் பூஸ்டர் பம்பு என்பர். இங்கு 'முன்பம்பு' எனக் குறிப்போம். பெரியதை 'முதன்மைப் பம்பு' என்போம்.

முன்பம்பு மெதுவாகச் சுழல்கிறது, அதன் சக்கரவாய் அகன்றது, ஆகையால் அதற்கு வேண்டிய மிகுதி உயரம் சிறியது, 1.5 மீட்டர் என்க. அது தரும் ஏற்றுயரம் 50 மீட்டர் போதும். சில இடங்களில் முன்பம்பை நிமிர்த்து, நிலத்தில் புதைத்த நீண்ட உருளைக் கூட்டினுள் அமைப்பர். அதன் முதற் சக்கரம் தரைக்குக் கீழே பல மீட்டர் ஆழத்தில் இருப்பதால், திறந்த பள்ளம் தோண்டாமலே திரவ உயரம் கிடைத்துவிடுகிறது.

தொடர்நிலையில் இரு பம்புகளின் வழியும் ஒரே ஓட்டம் செல்கிறது, ஏற்றுயரங்கள் கூடுகின்றன. பக்கநிலையில் ஏற்றுயரம் ஒன்றே, ஓட்டங்கள் கூடுகின்றன. மேற்கூறிய அமைப்பில் மொத்த ஏற்றுயரம் 350 மீட்டர். முதன்மைப் பம்பின் வாயில் கிடைக்கும் மிகுதி உயரமோ 2.2 + 50 = 52.2 மீட்டர். இணைப்புக் குழாயின் இழப்பு 1 மீட்டர் போக 51 மீட்டருக்குச் சற்று மிகுதி. வேண்டியது 6 மீட்டரே. முதன்மைப் பம்பு எவ்வித இடரும் இன்றி ஓடும். இந்தியாவின் 210 மெகாவாட், 500 மெகாவாட் மின்நிலையங்களிலும் இம்முறையைக் காணலாம். நிமிடத்திற்குச் சுமார் 1,500 சுற்றுகள் சுழலும் முன்பம்பு, சுமார் 5,000 சுற்றுகள் சுழலும் கொதிகலன் பம்புக்கு நீரைத் தள்ளிக் கொடுக்கிறது.

குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து இராஜஸ்தான் வழியாக, தில்லியை அடுத்துள்ள லோனி வரை செல்லும் எரிவாயுத் திரவக் குழாய்வழி 2001ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். இத்தகைய குழாய்வழியின் இடைநிலையங்களும் தொடர்நிலைப் பம்புகளே. முந்திய நிலையம் தள்ளிய திரவம் அழுத்தம் குன்றாமல் அடுத்த நிலையத்தின் வாய்க்கு வந்து சேருமாறு தொலைவு கணக்கிடப்படும். வழியிலுள்ள மேடுகளின் உச்சியிலும் அழுத்தம் ஆவியழுத்தத்திற்குக் கீழே இறங்கலாகாது.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஓட்டப் பொருத்தம். முன்பம்பு தரக்கூடிய ஓட்டத்தைவிட முதன்மைப் பம்பு மிகுதியாக எடுத்துக்கொள்ள முற்பட்டால், இடைக்குழாயின் அழுத்தம் சரியும். முதன்மைப் பம்பு மீண்டும் 'இழுக்கும்' நிலைக்கு வந்துவிடும். ஆகவே முதன்மைப் பம்பின் மிகப்பெரிய ஓட்டத்திலும் முன்பம்பு போதிய ஏற்றுயரம் தருவதாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வெப்பம். பம்பு வீணாக்கும் ஆற்றல் திரவத்தைச் சூடாக்குகிறது. முன்பம்பில் 50 மீட்டர் ஏற்றுயரத்திற்கு, திறன் 60 விழுக்காடு எனின், புரோப்பேன் 0.12° செ. சூடேறும். இதனால் ஆவியழுத்தம் கூடுவது 0.7 மீட்டர் அளவே. 51 மீட்டரில் இது பொருட்டன்று. ஆனால் முதன்மைப் பம்பின் வெளிவால்வை ஏறக்குறைய மூடிவைத்து ஓட்டினால் நிலை மாறும். 300 மீட்டர் ஏற்றுயரத்தில் திறன் 65 விழுக்காடாக இருக்கும்போது வெப்ப உயர்வு 0.6° செ.; ஓட்டம் சுருங்கித் திறன் 10 விழுக்காடானால் ஏறத்தாழ 10° செ. புரோப்பேன் 30°இலிருந்து 40° செ.க்குச் சூடேறினால் அதன் ஆவியழுத்தம் 1,080இலிருந்து 1,370 கிலோபாஸ்கலாக உயர்கிறது. இது 60 மீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். எனவே குறைந்த ஓட்டத்திற்கெனத் திருப்புக் குழாய் ஒன்று வேண்டும். அது பம்பின் வாய்க்கே திரும்பலாகாது. சூடான திரவமே மீண்டும் மீண்டும் சுழன்று மேலும் சூடேறும். தொட்டிக்குத் திரும்புதலே முறை.

மூன்றாவது, கூட்டின் வலிமை. முதன்மைப் பம்பின் கூடு தன் அழுத்தத்தை மட்டுமன்றி, தொட்டியின் அழுத்தத்தையும் முன்பம்பின் அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். வெளிவால்வு மூடியிருக்கையில் இரு பம்புகளும் சேர்ந்து 410 மீட்டர் தருமெனில், 40° செ. புரோப்பேனில் அது ஏறத்தாழ 1,880 கிலோபாஸ்கல். தொட்டியின் 1,370ஐயும் கூட்டினால் 3,250 கிலோபாஸ்கல். முதன்மைப் பம்பின் சீலும் முன்பம்பின் அழுத்தத்தைத் தாங்கவல்லதாதல் வேண்டும்.

நான்காவது, அடர்த்தி. மையவிலக்குப் பம்பு எத்திரவத்தையும் ஏறத்தாழ ஒரே மீட்டர் உயரத்திற்கு ஏற்றும். ஆனால் அழுத்தம் அடர்த்திக்கு ஏற்ப மாறும். மேற்கூறிய 410 மீட்டர், நீரில் 4,000 கிலோபாஸ்கலைத் தாண்டும். புரோப்பேனுக்கென அமைத்த பம்பைச் சோதனைக்காக நீரில் ஓட்டுவோர் இதனை மறந்தால், மோட்டார் பளு தாங்காது. கூடும் தாங்காமற் போகலாம்.

ஐந்தாவது, வெயில். தொட்டிக்கும் முன்பம்புக்கும் இடையேயுள்ள குழாய் குறுகியதாகவும் அகன்றதாகவும், ஆவி தேங்கும் மேடுகள் இல்லாததாகவும் இருத்தல் நன்று. வெண்ணிறப் பூச்சு வெப்பத்தைக் குறைக்கும். இரு வால்வுகளுக்கு இடையே திரவம் அடைபட்டு வெயிலில் காய்ந்தால், அது விரிந்து குழாயை உடைக்கக்கூடும். அத்தகைய ஒவ்வொரு பகுதிக்கும் காப்பு வால்வு வேண்டும்.

இயக்கும் வரிசை

தொடங்கும்போது முதலில் உறிஞ்சு வால்வுகளை முழுதும் திறந்து, இரு பம்புகளிலும் திரவத்தை நிரப்ப வேண்டும். உள்ளே உள்ள ஆவியைத் தொட்டியின் ஆவிப்பகுதிக்குச் செல்லும் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும், காற்றில் விடலாகாது. பின்னர், திருப்புக் குழாய் திறந்திருக்க, முன்பம்பைத் தொடங்க வேண்டும். இடைக்குழாயின் அழுத்தம் உயர்ந்து, முள் ஆடாமல் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்னரே முதன்மைப் பம்பு. வெளிவால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும். முதலில் முதன்மைப் பம்பு. அது முற்றிலும் நின்றபின் முன்பம்பு.

முன்பம்பு திடீரென நின்றுவிட்டால் முதன்மைப் பம்பும் உடனே தானாக நிற்க வேண்டும். இதற்கென இன்டர்லாக் எனப்படும் பிணைப்பு அமைப்பர். நின்றுவிட்ட முன்பம்பின் வழியே திரவத்தை முதன்மைப் பம்பு இழுக்க முயன்றால், முன்னர்க் கிடைத்த 2.2 மீட்டரும் கிடைக்காது; நிமிட நேரத்திற்குள் சீல் வறண்டுவிடக்கூடும். முன்பம்பின் மோட்டார் ஓடுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் பிணைப்பு போதாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, பம்பினுள் ஆவி நிறைந்து திரவம் நகராமல் இருத்தலும் உண்டு. ஆகவே அழுத்தத்தையே பார்க்க வேண்டும்.

அழுத்தத்தைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேற்கண்ட அமைப்பில், 30° செ.இல், முதன்மைப் பம்பின் வாயில் இயல்பான முழு அழுத்தம் ஏறத்தாழ 1,320 கிலோபாஸ்கல். "அழுத்தம் 1,200க்குக் கீழிறங்கினால் நிறுத்துக" என்று ஓர் எண்ணை நிலையாகக் குறித்து வைத்தால், 30° செ. நாளில் அது நல்ல காவல். 40° செ. நாளிலோ புரோப்பேன் 1,370இலேயே கொதிக்கும். முன்பம்பு நின்றுபோனாலும் அளவுமானி 1,200க்கு மேலேயே காட்டும், காவல் உறங்கிவிடும். எனவே தனித்த ஓர் எண்ணைவிட, தொட்டியின் ஆவிப்பகுதி அழுத்தத்திற்கும் முதன்மைப் பம்பின் வாயழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டையே கண்காணித்தல் வேண்டும். அவ்வேறுபாடு எந்தப் பருவத்திலும் முன்பம்பு செய்யும் வேலையை உள்ளவாறு காட்டும். வேறுபாட்டு மானி இல்லாத இடங்களில், பணியாளர் இரு அளவுமானிகளையும் ஒரே வேளையில் படித்து, கழித்து, குறிப்பேட்டில் எழுதி வரலாம். நாளுக்கு நாள் அந்த எண் குறைந்துவரின், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். அல்லது முன்பம்பின் சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

வரிசை பிறழ்ந்தால் விளைவது யாது என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. 2009 அக்டோபர் 29 அன்று மாலை, ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவிலிருந்த எண்ணெய்க் கிடங்கில், குழாய் வழியே அனுப்புவதற்காகப் பெட்ரோல் தொட்டி ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். குழாயிலிருந்த அடைப்பு வால்வின் மேற்பகுதி திறந்திருந்த நிலையில் தொட்டியின் வால்வும் திறக்கப்பட்டது. பீறிட்ட பெட்ரோல் ஆவியாகிக் கிடங்கெங்கும் பரவி, பின்னர் வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ பல நாட்கள் எரிந்தது. அங்குப் பிழை பம்பினுடையதன்று. ஆயினும் எந்த வால்வுக்குப்பின் எந்த வால்வு என்னும் வரிசை, ஆவியாகும் திரவத்தில் வெறும் சடங்கன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வகுப்பறையில் செய்து காட்டுதல்

இப்பாடத்தின் அடிப்படையை ஆசிரியர்கள் ஊசியற்ற பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றால் எளிதில் விளக்கலாம். கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய நீரை 60° செ. அளவிற்கு ஆறவிட்டு, 20 மி.லி. சிரிஞ்சில் 5 மி.லி. எடுத்து, உள்ளிருக்கும் காற்றை வெளித்தள்ளி, முனையை ரப்பர் மூடியால் இறுக மூடுக. தண்டைப் பின்னுக்கு இழுத்தால் நீரில் குமிழிகள் எழுந்து கொதிப்பதைக் காணலாம். கையை எடுத்தவுடன் தண்டு திரும்பிச் செல்லும், குமிழிகள் மறையும். பின்னர்த் தண்டை எவ்வளவு வலிந்து அழுத்தினும் நீர் கொதிப்பதில்லை. அதே சோதனையைக் குளிர்ந்த நீரில் செய்து, வேறுபாட்டை மாணவரிடம் வினவுக. சுடுநீர் கையில் படாமல் ஆசிரியரே இதனைச் செய்தல் நன்று. பெட்ரோல், ஸ்பிரிட் முதலியவற்றைக் கொண்டு இதனை ஒருபோதும் செய்யலாகாது.

பயிற்சி

1. மூடிய தொட்டியில் 30° செ. பியூட்டேன் உள்ளது. திரவமட்டம் பம்பின் வாய்க்கு 4 மீட்டர் மேலே இருக்கிறது. உராய்வு இழப்பு 1 மீட்டர். கிடைக்கும் மிகுதி உயரம் எவ்வளவு? அத்தொட்டியில் புரோப்பேன் இருந்தால்?

விடை: இரண்டிலும் 3 மீட்டரே. மூடிய தொட்டியில் ஆவியழுத்தம் தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது.

2. ஒவ்வொன்றும் 80 மீட்டர் ஏற்றுயரம் தரும் இரு பம்புகள் தொடர்நிலையில் உள்ளன. ஒப்படர்த்தி 0.74 உள்ள பெட்ரோலிலும் நீரிலும் அவை கூட்டும் அழுத்தம் எவ்வளவு?

விடை: மொத்த ஏற்றுயரம் இரண்டிலும் 160 மீட்டர். பெட்ரோலில் ஏறத்தாழ 1,160 கிலோபாஸ்கல்; நீரில் ஏறத்தாழ 1,570.

3. தொடர்நிலையில் உள்ள இரு பம்புகளில் முன்பம்பின் வாயிலுள்ள வடிகட்டி பாதி அடைபட்டுள்ளது. முதலில் இரையத் தொடங்குவது எது?

விடை: முன்பம்பே. அமைப்பு முழுவதிலும் திரவம் கொதிநிலைக்கு மிக அருகில் இருப்பது அதன் வாயிலேயே. முதன்மைப் பம்பின் நலம் முன்பம்பைச் சார்ந்தது. முன்பம்பின் நலமோ தொட்டியின் மட்டத்தையும், தூய வடிகட்டியையும், கண்காணிப்பவரின் விழிப்பையும் சார்ந்தது.